என் சட்டியில் மருந்து இல்லை

ஊராருக்குச் சோறு போட்டுப் பிழைக்கிற தொழிலில் நெருப்பு பழகிவிடும், கத்தி பழகிவிடும், சுடுதண்ணீரும் பழகிவிடும். முதல் வாய் வைத்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்க்கிற முகம் மட்டும் கடைசிவரை பழகாது. அடுப்படியில் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் மட்டக்களப்புக்காரி, ஆகையால் எனக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

என் பெயர் பூரணம். வீடு புளியந்தீவில், வாவிக்கரையிலிருந்து நாலு வளவு தள்ளி. என் புருஷன் சாமித்தம்பி கல்லடித் துறையில் தோணி ஓட்டியவர். பாலம் போட்ட பிறகு, காலால் நடந்து போகக்கூடிய இடத்துக்கு யார் தோணியில் ஏறப்போகிறார்கள்? அவர் துடுப்பை வைத்தார், நான் அகப்பையை எடுத்தேன். கந்தோர் வேலைக்கு வந்து தனியாக இருந்த கிளாக்கர்மார் ஏழு பேர் இரண்டு நேரமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். ஏழு பேரும் வெளியூர். மட்டக்களப்புக்கு மாற்றலாகி வருகிற வெளியூர்க்காரன் பெட்டியில் வேட்டி சால்வையோடு ஒரு பயத்தையும் மடித்து வைத்துக்கொண்டுதான் வருவான். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதுதான். இங்கத்தைப் பெண்கள் சோற்றுக்குள் மருந்து வைத்து, தின்றவனுக்குத் தாய் தகப்பன், ஊர், பேர் எல்லாவற்றையும் மறக்கச் செய்துவிடுவார்களாம்.

மற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. வீட்டில் தங்கம் இருந்தாள், எங்கள் ஒரே மகள், பத்தொன்பது வயது. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொள்கிறவன் பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும், மாமியின் கையால் சாப்பிட வேண்டும். மருந்து வைக்கிறவள் என்ற பெயர் எனக்கு ஒருதரம் விழுந்துவிட்டால் கிளாக்கர்மார் போவது ஒரு பக்கம், அந்தச் சோற்றைத் தின்ன எந்த மாப்பிள்ளை வந்து உட்காருவான்? நான் அடுப்பு மூட்டின நாள் முதல் எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

தோல் உள்ளது மட்டும்

நவரத்தினம் யாழ்ப்பாணத்துப் பையன். இருபத்திரண்டு வயது, முதல் உத்தியோகம். வந்த அன்று நான் கொடுவா மீன் குழம்பும் தேங்காய்ப்பால் விட்ட முருங்கைக்காய்ப் பாலாணமும் வைத்திருந்தேன். அவன் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, இரண்டு முட்டை அவித்துத் தர முடியுமா என்று கேட்டான். ஓட்டோடு வேண்டுமாம், நான் உரிக்கக் கூடாதாம். அடுத்த நாளும் முட்டை. அதற்கடுத்த நாள் முட்டையும் வாழைப்பழமும். குடிக்கத் தண்ணீர் கூட இல்லை. செவ்விளநீர் வாங்கி வந்து தானே சீவிக் குடித்தான், சீவுகிறபோது விரலையும் கொஞ்சம் சீவிக்கொண்டான்.

பதினொரு நாள் இப்படியே போயிற்று. கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. இவன் என் வீட்டு விறாந்தையில் சுருண்டு விழுந்தால் பட்டினி கிடந்து விழுந்தான் என்றா ஊர் சொல்லும்? என் பெயரைத்தான் சொல்லும். பன்னிரண்டாம் நாள் அவன் முன்னால் போய் நின்று, தம்பி, நீ குசினிக்குள்ளேயே வந்து நின்று பார், அரிசி களைகிறதிலிருந்து இறக்குகிறது வரை பார், பிறகு சாப்பிடு என்று கெஞ்சினேன். பாவம், பையனுக்கே வெட்கமாகிப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "குறை நினையாதேங்கோ அக்கா. தோலோட இருக்கிறதுக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் வைக்கேலாது எண்டு அம்மா சொல்லிவிட்டவ."

முதல் வாய்

நவரத்தினத்தைப் பார்த்து மற்ற ஆறு பேருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் என் சோற்றைத் தின்று வயிறு வைத்தவர்கள் கூட இலையை முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் ஒரு வழி சொன்னார். வீட்டுக்காரர் எல்லாச் சட்டியிலிருந்தும் முதல் வாய் எடுத்து எல்லோருக்கும் முன்னால் சாப்பிட வேண்டும். அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மூத்தவர் சட்டைப் பைக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் கணக்கு வைப்பார்.

எனக்கு அது பெரிய அவமானம். என் புருஷனுக்கோ அது பெரிய உத்தியோகம். குளித்து, விபூதி பூசி, சரியான நேரத்துக்கு வந்து குந்துவார். மீனில் எந்தத் துண்டை முதல் வாயாக எடுக்கிறது என்று யோசிக்கவே அவருக்கு நேரம் வேண்டும், கடைசியில் எப்போதும் தலைதான். ஏழு கிளாக்கர்மார் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஒரு நாள் நல்ல வெய்யில். பெரிய இறால் பொரியல், தயிர், தேன் எல்லாம் ருசி பார்த்துவிட்டு மனிதர் சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடினார். தலை ஒரு பக்கமாய்ச் சரிந்தது. ஏழு பேரும் ஒன்றாக எழும்பினார்கள், ஒருவர் செருப்பையும் விட்டுவிட்டு வாசல் படலை வரைக்கும் போய்விட்டார். எனக்கு இது பகல் தூக்கம் என்று தெரியும், இருபது வருடத்துக்கு மேலாய்ப் பார்க்கிறேன். தெரிந்தும் ஓடிப்போய் அவரை உலுப்பினேன். கண்ணைத் திறந்தவர் எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "இறால் இன்னொருக்காப் பாத்தாத்தான் சரியாச் சொல்லலாம் கா."

நண்டு

நான் எதற்குப் பயந்தேனோ அது ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. வாவி நண்டு, நல்ல சதை பிடித்தது. முதல் வாய் பார்த்தாயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, எல்லோரும் சாப்பிட்டார்கள். நவரத்தினம் அப்போதுதான் முட்டையை விட்டுக் கறிக்கு வந்திருந்த நேரம். அவன் பிறந்ததிலிருந்து நண்டு தின்றதில்லை என்று எனக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் அவன் உதடு வீங்கிற்று. பிறகு கண் வீங்கிற்று. கழுத்தெல்லாம் தடித்துத் தடித்து எழும்பிற்று. அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

என் புருஷன் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவைக் கூட்டிவர ஓடினார். அதற்குள் வளவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தங்கத்தை உள்ளே போட்டுக் கதவைப் பூட்டினேன், ஏன் பூட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு அந்த நண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில், எல்லோரும் பார்க்க, நிலத்தில் குந்தியிருந்து தின்றேன். மிச்சமிருந்த அவ்வளவையும் தின்றேன். ஓடு உடையவில்லை, கண்ணீர் வழிகிறது, தின்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும், ஆகிவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்போதிக்கரி ஐயா வந்து பையனின் கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பிடித்தார், சில பேருடைய உடம்புக்கு நண்டு சேராது, பொழுதுபடுவதற்குள் வீக்கம் வற்றிவிடும் என்றார். ஒருவருக்கும் அது போதவில்லை. எல்லோரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் கையிலிருந்த சட்டியை வாங்கி, அடியில் கிடந்த குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் சொன்னார்: "மருந்து ஒண்டும் இல்ல. உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

மாற்றல் கடிதம்

அதற்குப் பிறகு நவரத்தினத்துக்குப் பயம் தெளிந்துவிட்டது. நண்டைத் தவிர எல்லாம் சாப்பிட்டான். எருமைத் தயிருக்கு இரண்டாம் கோப்பை கேட்டான். உடம்பு பிடித்தது. இரண்டு வருடம் கழித்து அவனுக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் வந்தது. மற்றவர்கள் கோயிலுக்கு நேர்த்தி வைத்தும் கிடைக்காத மாற்றல் அது. அவன் என்ன செய்தான் தெரியுமா? எனக்கு இந்த ஊரே போதும் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டான். ஏன் என்று என் புருஷன் கேட்டதற்கு, வீட்டுக்குப் போனால் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இதைச் செய் அதைச் செய் என்பார்கள், இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்றானாம். அவ்வளவுதான் காரணம். தங்கத்தை அவன் மூன்று தரம் பார்த்திருந்தால் அதிகம்.

மாற்றலை மறுத்த செய்தி கேட்டு அவன் தாய் ரயிலேறி வந்து இறங்கினா. மெலிந்த மனுஷி, இரண்டு நாள் பயணத்தில் புழுதியாய்ப் போயிருந்தா. தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. நேரே குசினிக்குள் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மணந்து பார்த்தா. அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினா. ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவவுக்குப் பெரிய சாட்சியாகப் போயிற்று. உங்களுக்குக் குமர்ப்பிள்ளை இருக்கோ என்று கேட்டா. நான் இருக்கு என்றேன். வேறு என்ன சொல்வது? மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் நின்று நின்று, மருந்து வைத்துவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னா. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் படலையில் வைத்து அவ கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தக் கோபம் நிலைக்கவில்லை. "மருந்து இல்லாமல் என்ர பிள்ளை நாலு மாசமாய் என்ர கடிதத்துக்கு மறுமொழி போடாமல் விடுவானே?"

மல்லியும் சீரகமும்

அந்த மாதமே எங்கள் வீட்டுக்குப் பெயர் வைத்தாயிற்று, மருந்து வீடு என்று. அதை முதலில் எனக்குச் சொன்னவர் காத்தான்குடி ஆதம்பாவாக் காக்கா. மாதம் ஒருதரம் சரக்குச் சாமான் கொண்டுவந்து தருகிறவர், பொய் சொல்ல மாட்டார். சொல்வதற்கு அவருக்கே மனமில்லை. தராசை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். பிறகு ஒரேயடியாகச் சொல்லி முடித்தார்: "பூரணம் என்ன வாங்குறா எண்டு எல்லாரும் என்னயப் புடிச்சிக் கேக்காங்க புள்ள. மல்லியும் சீரகமும் எண்டன். அதையே ஆளுக்கு ரெண்டு கொத்து வாங்கிட்டுப் போறாங்க."

தேற்றாத்தீவிலிருந்து வந்தவ

தங்கத்துக்குத் தேற்றாத்தீவில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தோம். பையன் வடிவேல், பள்ளிக்கூடத்து வாத்தியார், அமைதியான பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் கண்மணிதான் எல்லாம். பேச்செல்லாம் முடிந்து, அவர்கள் ஒரு நேரம் எங்கள் வீட்டில் கை நனைக்க வர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பெயர் விழுந்தது. இரண்டு மாதம் அவர்கள் வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. தங்கம் வழக்கத்தைவிடச் சுத்தமாக வீடு கூட்டினாள், அவ்வளவுதான்.

பிறகு திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நான் சமைத்ததைப்போல் என் எதிரிகூடச் சமைக்கக் கூடாது. உப்புப் போட்டேனா என்று தெரியாது, பார்த்தால் போட்டிருக்கிறது, இரண்டாம் தரம் போட்டேனா என்ற சந்தேகம். வீட்டுக்காரரை முதல் வாய் பார்க்கச் சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம். கண்மணி வந்து இருந்தா. சோற்றைப் பிசைந்தா, சாப்பிட்டா. எல்லாக் கறியிலும் சாப்பிட்டா. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. கை கழுவிவிட்டு, ஆம்பிளைகள் எல்லாம் கொஞ்சம் முற்றத்தில் இருங்கள் என்றா. பிறகு குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினா. சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் போகிறா என்று நினைத்தேன்.

அவ குரலைத் தாழ்த்தி, அந்தச் சாமானில் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றா. மூத்த மகன் கொழும்புக்குப் போய் ஐந்து வருடம். அங்கே கடையில் வேலை, ஹோட்டல் சாப்பாடு, படம், டிராம் வண்டி என்று ஊரை மறந்துவிட்டான். முதலில் மாதம் ஒரு கடிதம், பிறகு வருடம் ஒன்று, இப்போது அதுவும் இல்லை. என் வீட்டுப் பெயரைக் கேள்விப்பட்ட பிறகுதான் இந்தச் சம்பந்தத்தை விடக்கூடாது என்று முடிவு செய்தாவாம். இரண்டு மாதம் வராமல் இருந்தது, எப்படிக் கேட்பது என்ற வெட்கத்தில்.

நான் என்ன செய்ய? இல்லை என்றால் ஒளிக்கிறேன் என்று நினைப்பா, கலியாணம் நின்றுவிடும். இருக்கிறது என்றால் நான் மருந்துக்காரி என்று நானே ஒப்புக்கொண்டதாகும். இல்லை என்றேன். அவ அழத் தொடங்கினா, சத்தமில்லாமல். அதை என்னால் பார்க்க முடியவில்லை. அவ கண் முன்னாலேயே கறித்தூள் முட்டியைத் திறந்து, ஒரு அகப்பை அள்ளிக் கடதாசியில் மடித்துக் கொடுத்தேன். இது மிளகாய், மல்லி, சீரகம், வேறு ஒன்றும் இல்லை, என் பிள்ளையின் தலையில் அடித்துச் சொல்கிறேன் என்றேன். கண்மணி கண்ணைத் துடைத்தா. பொட்டலத்தை இடுப்பில் செருகினா. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "ஓம் மச்சாள். அப்பிடித்தான் சொல்லோணும்."

கொழும்பிலிருந்து ஒருவன்

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கண்மணி கருவாட்டுப் பார்சலுக்குள் வைத்து அந்தத் தூளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாவாம். அங்கே மூத்தவனுக்கு ஒரு தலையிடி வந்தாலும் அது என் தலையில் விழும். அவன் வராவிட்டால் பெயருக்கேற்ற மருந்து இல்லை என்று கலியாணம் தள்ளிப்போகும். உலகத்திலேயே ஒரு மனுஷி தன் கறித்தூள் பலிக்க வேண்டும் என்றும் பலிக்கக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் கும்பிட்டிருப்பாள் என்றால் அது நான்தான்.

அப்போது உலக மகா யுத்த காலம். சித்திரை மாதம் கொழும்பில் குண்டு போட்டார்கள். நாலைந்து நாளில் எங்கள் கடல் பக்கமும் இடி மாதிரிச் சத்தம் கேட்டது, ஆட்கள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். என் கிளாக்கர்மாரில் மூன்று பேர் சொல்லாமலே போய்விட்டார்கள். அவர்களுக்கென்று உலை வைத்த சோறு பானையிலேயே இருந்தது. அந்தக் கலவரத்துக்குள் ஒரு மத்தியானம் கண்மணி வந்தா. பின்னால் ஒரு நெட்டையான ஆள், தகரப் பெட்டியோடு. அந்தச் சோற்றைத்தான் அவனுக்குப் போட்டேன். தாய் பக்கத்தில் குந்தியிருந்து அவன் தின்கிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு இருந்தா, முகத்தில் அவ்வளவு வெளிச்சம். ஆனி மாதமே கலியாணத்தை வைப்போம் என்றா. என் புருஷனுக்கு முன்னால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. நான் எந்தப் பெயருக்குப் பயந்து இத்தனை வருடம் செத்துச் செத்துப் பிழைத்தேனோ, அந்தப் பெயர்தான் என் மகளுக்குத் தாலி வாங்கிக் கொடுத்தது.

கண்மணி கிணற்றடிக்குப் போன நேரம், மூத்தவன் சாப்பிட்ட பீங்கானைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தான். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்: "மாமி, அந்தத் தூள் இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. நான் குண்டுக்குப் பயந்துதான் ஓடி வந்தன். அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை, இப்போது மூத்தவன் வந்த கதை கேட்டு எங்கெங்கோ இருந்தெல்லாம் தாய்மார் பொட்டலத்துக்கு வந்து நிற்கிறார்கள், உள்ளே மருமகன் வடிவேல் இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் மாமி என்கிறார், நமது தொழிலில் சாப்பிடாமல் எழும்புகிறவனைவிட இரண்டாம் தரம் கேட்கிறவனுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.